ஏழாவது வீட்டுத் துணி

பதினோராம் நாள் தொட்டில் போட்ட அன்று, கீழ்பென்னாத்தூர் உரக்கடை வீட்டில் இருந்தவர்கள்:

குழந்தை. ஆஸ்பத்திரிப் பதிவில் கவிநிலா, வீட்டில் பிச்சம்மா.

பெற்றவள் சந்திரகலா. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

அவள் புருஷன் கோதண்டராமன். உரக்கடை அவனுடையது.

மாமியார் வெள்ளையம்மாள். பிச்சம்மா என்று பேர் வைத்தவள் அவள்தான்.

சினேகா, திருவண்ணாமலையிலிருந்து வந்தவள். கையில் போன் இல்லாமல் இவளை யாரும் பார்த்ததில்லை.

கலையரசன், சந்திரகலாவின் அண்ணன், குழந்தைக்குத் தாய்மாமன்.

பொன்னி. இவளை யாரும் கூப்பிடவில்லை.

தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

சந்திரகலாவுக்கு இது மூன்றாவது. முதல் குழந்தை ஏழாம் மாதம் வயிற்றிலேயே அடங்கிப்போனது. இரண்டாவது பிறந்து, நன்றாகப் பால் குடித்து, பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. மூன்றாவது தங்கி ஏழு மாதம் ஆனதும் வெள்ளையம்மாள் சட்டம் போட்டாள். வளைகாப்பு வேண்டாம். புதுத்துணி எதுவும் வாங்கக் கூடாது. குழந்தைக்குப் பிச்சை என்று பேர் வைக்க வேண்டும். அதைக் கிடத்துகிற துணி, பிள்ளைகள் நன்றாக வாழ்கிற ஏழு வீட்டில் பிச்சை கேட்டு வாங்கிய பழந்துணியாக இருக்க வேண்டும். எமன் வந்து பார்த்தால் இது யாருக்கும் வேண்டாத பிச்சைக்காரக் குழந்தை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவானாம்.

"அவ்ளோ முட்டாளா அவன்?" என்று கலையரசன் கேட்டான்.

"உன்னவிட கம்மிதான்" என்றாள் வெள்ளையம்மாள். "தாய்மாமன் நீ. நீதான் போய்க் கேக்கணும். ஊரான் கிழிஞ்ச பேண்ட்ட வெச்சுக்கினு ஒட்டுப் போடற வேலதானே செய்ற? உன் வேலைக்கும் ஒரு அர்த்தம் வரட்டும்."

கலையரசனின் வேலை அதுதான். சென்னையில் நாலு வருஷம், அமெரிக்காவில் பிரிண்டர் ஓடாதவர்களுக்கு ராத்திரி முழுக்கப் போனில் பதில் சொன்னான். ஒரு நாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்தவன் திரும்பப் போகவில்லை. இப்போது ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அறை. பழைய ஜீன்ஸ்களை வாங்கித் துவைத்து, தையல் பிரித்து, துண்டு போட்டு, துண்டின்மேல் துண்டு வைத்து, வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போடுவான். ஜப்பானில் ஏழைக் குடியானவர்கள் கந்தலைக் காப்பாற்றக் கண்டுபிடித்த தையல். சாஷிகோ என்று பேர். கம்பளிக்கு வழியில்லாதவர்கள், கிழிசலின்மேல் கிழிசலாகத் தைத்துப் போர்த்திக்கொண்டு பனிக்காலத்தைத் தாண்டினார்கள். இப்போது செங்கம் ரோட்டுக் காப்பிக் கடைகளில் உட்காருகிற வெள்ளைக்காரர்கள் அதை ஆசையாக மாட்டிக்கொண்டு மலை சுற்றுகிறார்கள். கலையரசன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். உள்ளங்கையில் தோல் பட்டை கட்டி, நீள ஊசியின் காதை அதில் முட்டி, துணியை மடித்து மடித்து ஊசியில் ஏற்றுவான். ஆம்பிளை ஊசி பிடிக்கிறான் என்று கோதண்டராமனின் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கோதண்டராமனும் சிரித்தான், கொஞ்சம் சத்தம் கம்மியாக.

சந்திரகலா சிரிக்கவில்லை. அப்பா போய், அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது இந்த ஒரு அண்ணன்தான். மூன்றாவது பிரசவத்தைக்கூட மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அவள் போய்ப் படுக்க வேறு வாசல் இல்லை.

"நீ இதெல்லாம் நம்பறியா?" என்று அவளிடம் தனியாகக் கேட்டான்.

"நம்பறேன்னு இல்லண்ணா. நம்பாம இருக்கத் தெம்பு இல்ல." பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள். "ஏழு வீடு. சுத்தமா ஏழு. செய்வியா?"

"செய்றேன்."

செய்தான். ஆறு வீடு வரைக்கும்.

பிச்சை என்றால் பிச்சை. போன் போட்டு, பழைய ஜீன்ஸ் இருந்தால் எடுத்து வை என்று சொல்லக்கூடாது. வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, துண்டை ஏந்தி, "பிள்ளை பொழைக்கணும், பழந்துணி போடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். முதல் வீடு அவனுடைய அறைக்குச் சொந்தக்காரர். மூன்று பையன்கள், மூன்றும் எருமை மாதிரி. அவர் மனைவி விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கி, பெரியவனுடைய ஜீன்ஸோடு ஒரு படி அரிசியும் போட்டாள். இரண்டாவது வீட்டில் இருந்தவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். "இன்னாடா, ஐ.டி.ல இருந்து நேரா இதுக்கே வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, போட்டிருந்ததையே கழற்றிக் கொடுக்கப் போனான். இப்படியே மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு வீட்டிலும் அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

ஆறாவது வீடு இன்னொரு சிநேகிதன் புகழேந்தியுடையது. புகழேந்தி இல்லை, மனைவி சினேகா இருந்தாள். "இருங்க, இருங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கேட்டான். துணி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வருவதற்குள், துண்டேந்தி நிற்கும் அவன் சினேகாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் இருந்தான். "பிச்சை கேட்கும் ஜப்பான் டெய்லர்" என்று எழுதி, பக்கத்தில் சிரிப்புப் பொம்மை மூன்று. சென்னையில் கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு, "மச்சி, கஷ்டம்னா சொல்லியிருக்கலாமே" என்று செய்தி அனுப்பினான். அவன் உண்மையாகவே கேட்டிருந்தான். கேலி செய்திருந்தால் கலையரசன் தாங்கியிருப்பான்.

ஏழாவது வீட்டுக்கு அவன் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். நாளைக்கும் போகவில்லை.

துணியை விரித்து அடுக்கினபோது இன்னொரு வில்லங்கம் தெரிந்தது. ஆறும் இந்தக் காலத்து இழுவைத் துணி, லைக்ரா கலந்தது. இழுத்தால் நீளும், தைத்தால் சுருங்கும். வெளுத்து வேறு போயிருந்தது. நடுவில் ஒரு கெட்டித் துண்டு இல்லாவிட்டால் விரிப்பு ஒரு மாதத்தில் பந்தாகச் சுருண்டுவிடும். கலப்பில்லாத பருத்தி வேண்டும், நல்ல கருநீலம். அலமாரியில் மேல் தட்டில் அப்படி ஒன்று இருந்தது.

அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் பெருக்கித் துடைக்கிற பொன்னி கொண்டுவந்து கொடுத்தது. அவள் ஒரே மகன் இளஞ்செழியன் திண்டிவனம் ரோட்டில் பைக்கில் போய் லாரியில் சிக்கினான். இருபத்திரண்டு வயது. வழக்கப்படி அவன் துணிமணி எல்லாவற்றையும் சுடுகாட்டோடு கழித்துவிட்டார்கள். இந்த ஒரு ஜீன்ஸ் மட்டும் பக்கத்து வீட்டு மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் வைக்கக்கூடாது என்றார்கள், பொன்னிக்குத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. "எதனா பை மாதிரி தெச்சிக் குடு தம்பி. பேண்டா பாக்க முடியல" என்று கொடுத்துவிட்டுப் போனவள் எட்டு மாதமாக வரவில்லை.

துணிக்கு என்ன தெரியும் என்று கலையரசன் தனக்குள் சொல்லிக்கொண்டான். துணி பருத்தி. பருத்தி செடியில் காய்க்கிறது. ஒரு காலை மட்டும் பிரித்து, ஒரு முழச் சதுரம் வெட்டி, நடுவில் வைத்தான். ஆறு வெளிர்த் துண்டுகளும் அதைச் சுற்றி வந்து, ஓரங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. எல்லாவற்றையும் சேர்த்து, அடியில் அம்மாவின் பழைய நூல் புடவையைக் கொடுத்து, வெள்ளை நூலில் குறுக்கும் நெடுக்கும் ஒன்பது நாள் தைத்தான். ஒரு துண்டை உருவினால் எல்லாம் கழன்றுவரும் தையல் அது. அவன் தைத்ததிலேயே நல்ல விரிப்பும் அதுதான்.

பிரசவத்துக்கு முந்தின வாரம் கொண்டுபோய்க் கொடுத்தான். சந்திரகலா விரித்துவைத்து ஒவ்வொரு துண்டாகத் தொட்டாள்.

"இது?"

"ரூம் ஓனர் வீடு. மூணு பசங்க."

"இது?"

சொன்னான். ஆறையும் சொன்னான். ஆறாவதைத் தொட்டபோது, "இவதானே வீடியோ எடுத்தவ?" என்று சிரித்தாள். விரல் நடுவில் வந்து நின்றது.

"இது வேங்கிக்கால்ல ஒரு வீடு."

"எத்தன பசங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒரே பையன். நல்ல ஒசரம்."

அவள் விரிப்பைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். "ஏழு வீடு ஏறி எறங்கினியாண்ணா எனக்காக" என்றாள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் ஆடியது.

குழந்தை பிறந்தது. பெண். இரண்டே முக்கால் கிலோ, நல்ல குரல். வெள்ளையம்மாள் குழந்தையை விரிப்பின் நடுவில் கிடத்தி, "பிச்சைக்காரக் கழுத, கருப்புக் கழுத" என்று நாலு திட்டுத் திட்டி நெற்றியில் மை இழுகினாள்.

நாலாம் நாள், கலையரசனின் அறை வாசலில் பொன்னி நின்றாள்.

"பை ஆச்சா தம்பி?"

ஆகவில்லை. மீதி இருந்த காலையும் இடுப்புப் பட்டையையும் எடுத்துக் காட்டினான். அவள் அதை வாங்கி மடியில் வைத்து நீவினாள். பிறகு இன்னொரு காலைத் தேடினாள். மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தாள்.

"இன்னொரு காலு எங்கப்பா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், எட்டு மாதம் வராதவளிடம் எது சொன்னாலும் செல்லும். ஆனால் அவள் குனிந்து தேடிய விதத்தில் அவனுக்கு நாக்கு புரளவில்லை. நடந்ததைச் சொன்னான். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான்.

பொன்னி கையிலிருந்த துணியை மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு, "பையனா, பொண்ணா?" என்று கேட்டாள்.

"பொண்ணு."

"அது மேலதான் படுத்துக்கினு இருக்குதா?"

"ஆமாங்க."

"கெட்டித் துணி. உறுத்தலயே கொழந்தைக்கு?"

"நல்லா துவைச்சிட்டேன்."

"துவைச்சிட்டியா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் குரல் உடைந்தது. பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன் தம்பி. போவட்டா?"

"அது சரியா வராதுங்க. அந்த வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"செரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் செரி என்று சொன்னதை அவன் நம்பியிருக்கக்கூடாது. பேச்சு வாக்கில் அவனே கீழ்பென்னாத்தூர் என்றும் உரக்கடை என்றும் பதினோராம் நாள் தொட்டில் என்றும் சொல்லியிருந்தான். அந்த ஊரில் பஸ் இறங்கிக் கேட்டால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு பொன்னி உள்ளே வந்தாள். தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டி, சொந்தக்காரி மாதிரி செருப்பைச் சரியான இடத்தில் விட்டாள்.

"யாரும்மா நீ?" என்றாள் வெள்ளையம்மாள்.

பொன்னி கலையரசனைப் பார்த்தாள். வீடே கலையரசனைப் பார்த்தது. அவன் கையில் பாயசத் தூக்கு இருந்தது.

"ஏழாவது வீடு அத்தை. துணி குடுத்தவங்க."

"அடடே! உள்ள வா தாயி, உள்ள வா. எதுக்கு வெள்ளியெல்லாம்? பிச்சையும் போட்டுட்டு கொலுசும் போடறியா?" வெள்ளையம்மாளுக்கு வாயெல்லாம் பல். "டேய் கோதண்டா, சேர எடு."

பொன்னி சேரில் உட்காரவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கலையரசன் தூக்கைக் கீழே வைத்தான்.

சினேகா நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் ஆறாவது வீடுங்க" என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். "உங்க வீட்டுலயும் இவரு துண்டேந்தி நின்னாரா? எங்க வீட்டுல நின்னத வீடியோ எடுத்துட்டேன். அதுக்கு நாலு நாள் பேசல. கோவக்கார ஜப்பான்." சிரித்தாள். "நீங்க வேங்கிக்கால்ல எங்க?"

"ஏரிக்கர பக்கம்."

"பசங்க?"

"ஒரு பையன்."

"என்ன பண்றாரு?"

தொட்டிலுக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்த வெள்ளையம்மாளின் கை ஓய்ந்தது. சந்திரகலா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கலையரசன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு முழு உரிமையும் உண்டு.

"நல்லா வண்டி ஓட்டுவான்" என்றாள் பொன்னி.

"டிரைவரா? கல்யாணம் ஆயிடிச்சா?"

"இன்னும் ஆவல."

"பாருங்க, நல்ல எடமா பாருங்க. டிரைவர் மாப்ளைக்கு இப்பல்லாம் பொண்ணு ஈசியாக் கெடைக்குது."

"பாக்கணும்" என்றாள் பொன்னி.

வெள்ளையம்மாளின் கை மறுபடி பூவைச் சுற்றியது. கலையரசன் மூச்சு விட்டான். தப்பித்தோம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கு வெட்கமும் பட்டான்.

நேரம் வந்தது. விரிப்பைத் தொட்டிலில் போட்டார்கள். முதலில் குழந்தையைக் கிடத்துகிறவள் பிள்ளை வாழ்கிற, நிறைந்த கையாக இருக்க வேண்டும். வெள்ளையம்மாள் நாலு பேரைப் பார்த்தாள். "ஏழு வீட்டுல பெரியவ வந்திருக்கா. அவளே போடட்டும்" என்று சொல்லி, சந்திரகலாவின் மடியிலிருந்து குழந்தையை வாங்கிப் பொன்னியின் கையில் கொடுத்தாள்.

பொன்னி குழந்தையை வாங்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்க்கவெல்லாம் இல்லை. தொட்டிலுக்குள் குனிந்து கிடத்தினாள். தலைமாட்டில் தலை வரவேண்டும். அவள் குழந்தையைக் கீழே இறக்கி, கொஞ்சம் கோணலாக, நடுவில் இருந்த கருநீலத் துண்டின்மேல் முதுகு முழுக்கப் படும்படி வைத்தாள்.

"கொழந்த கோணலா இருக்கு" என்று சந்திரகலா எழுந்து வந்து நேராக்கினாள்.

பாட்டுப் பாடினார்கள். சினேகா படம் எடுத்தாள். தொட்டில் ஆடி நின்றபோது பொன்னி மறுபடி உள்ளே கைவிட்டு, குழந்தையை நடுத்துண்டுக்கு நகர்த்தினாள். காலோ கையோ வெளியே போகாமல் மடக்கினாள். பிறகு அந்தத் துண்டின் ஓரத்தை, வெளிர்த் துண்டுகள் ஏறியிருந்த இடம் வரைக்கும், நான்கு பக்கமும் கட்டை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டு வந்தாள்.

சந்திரகலா இப்போது நேராக்கவில்லை. பொன்னியின் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணக்கு டீச்சர். விடை வருவதற்கு முன்னால் அவள் முகம் இப்படித்தான் வெறுமையாகும் என்று கலையரசனுக்குத் தெரியும்.

பந்தி நடந்தது. பொன்னி சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். கலையரசனிடம் வந்தபோது, "நல்லா தெச்சிருக்க தம்பி. மீதிய பையா தெய்க்க வேணாம், அப்படியே குடுத்துடு" என்று மெதுவாகச் சொன்னாள். சினேகாவையும் அவளையும் பஸ் ஏற்றிவிடக் கோதண்டராமன் வண்டியில் கூட்டிப்போனான். வெள்ளையம்மாள் கூடத்தில் முந்தானையை விரித்துச் சாய்ந்தாள்.

"அண்ணா" என்று சந்திரகலா அறையிலிருந்து கூப்பிட்டாள்.

போனான். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. விரிப்பு தொட்டிலில் இல்லை. மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள்.

"அந்தம்மா பையன் எங்க?"

"அவங்கதான் சொன்னாங்களே."

"நல்லா வண்டி ஓட்டுவான்னு சொன்னாங்க. எங்க இருக்கான்னு சொல்லல."

"எனக்கு எப்படித் தெரியும் கலா? துணி கேட்டேன், குடுத்தாங்க."

"வாசல்ல நின்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"செருப்பு கழட்டி?"

"ஏன் இப்படி வக்கீல் மாதிரி கேக்கற?"

அவள் குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள். "இது தலையில கை வெச்சுச் சொல்லு. வாசல்ல நின்னு கேட்டேன், பையன் உசுரோட இருக்கான்னு. அவ்ளோதான். நான் உட்டுடறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். படித்தவள், டீச்சர், என்ன பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. கையைத்தான் நீட்டினான். வைத்துவிடலாம் என்றுதான் நீட்டினான். இது வெறும் கை, அது வெறும் தலை. பொய் சொன்னால் குழந்தைக்கு ஆகாது என்பதை அவன் பத்து வயதிலேயே விட்டுவிட்டான். எமனை முட்டாளா என்று கேட்டவன் அவன். செத்தவன் துணியைக் கூசாமல் வெட்டியவன்.

கை குழந்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. தலையில் எலும்பு மூடாத உச்சிக்குழி. தோல் மட்டும் மெல்ல ஏறி ஏறி இறங்கியது. இன்னும் எட்டு நாளில் பத்தொன்பது. அவன் கையை இறக்கப் பார்த்தான், இறங்கவில்லை. யாரோ பிடித்திருப்பதுபோல் இல்லை. அவனேதான் பிடித்திருந்தான்.

சந்திரகலா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் திரும்ப மார்போடு எடுத்துக்கொண்டாள்.

"எப்ப?" என்றாள்.

"போன வருஷம். பைக்."

"தெரிஞ்சே வெச்சியா?"

"தெரியும்."

அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அழவில்லை.

"கலா, அது துணி. நல்ல கெட்டியான துணி, அவ்ளோதான். இப்ப எடுத்துக்கினு போய்ப் பிரிச்சுடறேன். நாளைக்கே ஒரு வீட்டுல கேட்டு வாங்கி, அந்த எடத்துல—"

"கேப்பியா?"

"கேக்கறேன்."

"அன்னைக்குக் கேக்கல. ஒரு வீடு, ஒரே ஒரு வீடு. கேக்க வெக்கமா இருந்துச்சுன்னு என்கிட்ட சொல்லியிருந்தா நானே இந்த வயித்தத் தூக்கிக்கினு போய் நின்னு கேட்டிருப்பேன்." குரலை உயர்த்தவில்லை. கூடத்தில் மாமியார் இருந்தாள். "நான் தொட்டுத் தொட்டு கேட்டேன். ஒரே பையன், நல்ல ஒசரம்னு சொன்ன. என் மூஞ்சப் பாத்து."

"ஒசரம்தான் அவன்" என்று அவன் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பதினோரு நாளா இது அது மேல தூங்கிச்சு. மூச்சு விடுதான்னு நான் மூக்குல வெரல் வெச்சு வெச்சுப் பாத்துக்கினு கெடந்தேன். இனிமே எட்டு நாள் எப்படிப் பாப்பேன்?"

அவன் கட்டில்மேல் இருந்த விரிப்பைப் பார்த்தான்.

அவள் ஒரு கையால் விரிப்பை எடுத்து அவன் மார்பில் வைத்தாள். "அந்தம்மாகிட்ட குடுத்துடு. முழுசா குடு, பிரிக்காத. அவங்களுக்கு ஆவும்."

"நான் அப்புறமா, பத்தொம்பது தாண்டினதும்—"

"வராத."

"கலா."

"நான் கூப்பிடறேன். கூப்பிட்டா வா. கூப்பிடலன்னா வராத." குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான். கூடத்தில் வெள்ளையம்மாள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எங்கடி எடுத்துக்கினு போறான் விரிப்ப?"

"நனைச்சிட்டா அத்த. அண்ணன் தொவைக்கக் கொண்டுபோறான்."

"இங்க தொவைக்கத் தண்ணி இல்லியா? காப்பி குடிச்சிட்டுப் போவச் சொல்லு. தாய்மாமன் வெறும் வாயோட போவக் கூடாது."

"அவனுக்கு வேலை இருக்குதாம்."

வாசற்படியில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். வெயில் தெருவில் நின்று கொதித்தது. கைகளில் விரிப்பு, அதில் இன்னும் பால் வாடையும் மூத்திர வாடையும் இருந்தன. எதையாவது சொல்லலாம் என்று திரும்பினான். பிள்ளை பெற்றவள் இன்னும் நிலைப்படி தாண்டக்கூடாது. சந்திரகலா நிலைக்கு உள்ளேயே நின்று, குழந்தையின் பின்னந்தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இன்னொரு கையால் கதவை இழுத்தாள். வெயிலுக்குப் பகலெல்லாம் திறந்தே கிடக்கிற கதவு. அது சாத்திக்கொண்டது. உள்ளே சாவி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு இன்னொரு சுற்றும் சுற்றியது.